மூடியைப் பார்த்து வாங்குங்கள்

கொழுந்தையும் காட்டுப் பூவையும் ரெசினுக்குள் பதித்துப் பதக்கம், சாவிக்கொத்து என்று வார்த்தெடுப்பது அழகான கைவேலை. அதைக் கெடுப்பது காற்றுக் குமிழி. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துக் குளிரில் எபொக்சி ரெசின் தடித்துப்போகும். சிக்கிய குமிழி மேலே ஏறி வராது. மெல்லிய பதக்கமென்றால், ரெசின் போத்தலை மூடியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று வைத்தெடுத்து மெதுவாகக் கலந்தாலே பாதித் தொல்லை தீரும். தடித்த வார்ப்புக்குத்தான் அழுத்தப் பானை வேண்டும்.

பானை குமிழியை வெளியே எடுப்பதில்லை, நசுக்குகிறது. வார்ப்பை உள்ளே வைத்து மூடி, சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அழுத்தத்தில் காற்று ஏற்றினால் குமிழி கால்வாசிக்குச் சுருங்கும். ரெசின் இறுகும்வரை அழுத்தம் இறங்காதிருந்தால் அது கண்ணுக்கே படாது.

அதே காற்று மூடியையும் தள்ளுகிறது. 25 சென்டிமீற்றர் அகல மூடி என்றால், அந்தத் தள்ளல் ஏறத்தாழ 1,400 கிலோ பாரத்துக்குச் சமம். ஆகவே பானையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், மூடியைப் பாருங்கள். கவ்விகள் எல்லாம் இருக்கின்றனவா? அவை பிடிக்கும் காதுகள் வளைந்திருக்கின்றனவா? தாங்கும் அழுத்தம் தகட்டில் பொறித்திருக்கிறதா? 60 என்றிருந்தால் 40 உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அழுத்தமானியும், மிஞ்சினால் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வும் பானையிலேயே இருக்கவேண்டும்.

சமையல் குக்கர் ஏறத்தாழ 15 இறாத்தலுக்குச் செய்தது. இந்த வேலைக்கு ஆகாது. பிவிசி குழாய் வெடித்தால் சில்லுகளாகப் பறக்கும். பழைய காஸ் சிலிண்டரை வெட்டி மூடி ஒட்டித் தருகிறேன் என்று வெல்டிங் கடைக்காரர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நெளிந்த, உட்புறம் துருவேறிய பானை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தொழிற்சாலையில் இருக்கும் காற்றுக் கலனைத் தகுதியுள்ளவர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்கிறது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வீட்டுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. அந்தப் பரிசோதகர் வேலை உங்களுடையது: ஒவ்வொரு முறையும் எல்லாக் கவ்விகளையும் எதிரெதிராக, சமமாக இறுக்குங்கள், அழுத்தமானி சுழிக்கு இறங்கிய பிறகே ஒன்றைத் தளர்த்துங்கள். தகடும் வால்வும் உள்ள பானைக்குக் காசு சேரும்வரை மெல்லிய பதக்கங்களையே வார்த்துப் பழகலாம்.