வாய்விட்டு வாசிப்போம்

புத்தகத்தில் படித்தபோது நம்மைச் சிரிக்க வைத்த கதை, வானொலியில் வாசிக்கக் கேட்கும்போது சில சமயம் சப்பென்று போய்விடுகிறது. வேறொரு கதையோ வயிறு குலுங்க வைக்கிறது. ஏன் இப்படி? நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பரமார்த்த குருவையே எடுத்துக்கொள்வோம்.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் எழுதிய கதை அது. அவர் காலமானது 1747-இல். 1822-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அது அச்சாயிற்று. குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆளை விழுங்கிவிடும் என்று பயம். ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான். 'சுர்'ரென்று சத்தம், புகை. ஐயோ, விழித்திருக்கிறது என்று ஓடி வருகிறான். பிறகு நனைந்த அதே கட்டையை மறுபடியும் வைக்கிறார்கள், சத்தமே இல்லை. ஆறு தூங்கிவிட்டதாம்! மெல்ல அக்கரை சேர்ந்ததும், எல்லாரும் வந்தாயிற்றா என்று ஒருவன் எண்ணுகிறான்.

வாசிப்பவரின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரியும். 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து' என்று வாசித்து, அங்கே நிறுத்த வேண்டும். 'தன்னை எண்ண மறந்துவிட்டான்' என்று உடனே விளக்கினால் காரியம் கெட்டது. ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருங்கள். பாயில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பயல் விரலை மடக்கி எண்ணி, "தன்னை விட்டுட்டான்!" என்று தானே கத்துவான். அந்தச் சிரிப்பு அவனுடைய சொந்தச் சம்பாத்தியம். வாசிப்பவர் முந்திக்கொண்டு சிரித்தாலும் இதே நஷ்டந்தான்.

நகைச்சுவைக் கட்டுரை வாசிப்பது இதைவிடச் சிரமம். 1930-களில் கல்கியும், வக்கீலாக இருந்த எஸ்.வி.வி.யும் ஆனந்த விகடனில் எழுதியவை கண்ணுக்காக எழுதியவை. வாக்கியம் நீளம், காதால் கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. பட்டணத்து வீட்டுச் சங்கதிகள் நமக்கு அந்நியமாகவும் இருக்கும். ஆனால் புருஷன் பெண்சாதி வாக்குவாதம் எந்த வீட்டில் இல்லை? அந்தப் பகுதியை மட்டும் எடுத்து வாசித்தால் போதும். முழுக் கட்டுரையையும் வாசிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ரேடியோ மலாயா 1946-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. தோட்டங்களில் ஒரு லயத்துக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது என்ற காலம் ஒன்று இருந்தது. அஞ்சடியில் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். எழுத்தறியாத பாட்டிக்கு அந்தப் பெட்டியே புத்தகம்.

ஆனால் எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல. ஒரு முறை வானொலி நாடகம் ஒன்றில் திக்குவாய்க்காரன் ஒருவனை வைத்து அரை மணி நேரம் சிரிப்பு மூட்டினார்கள். மறுநாள் நம் வகுப்பில், திக்கிப் பேசும் பையன் வருகைக்குக் கூட வாய் திறக்கவில்லை. கையை மட்டும் தூக்கினான். மற்றப் பிள்ளைகள் அந்த நாடகத்தை அப்படியே நடித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு நிறத்தையும் தோட்டத்துப் பேச்சையும் கேலி செய்யும் துணுக்குகளும் இந்த இனந்தான். பரமார்த்த குருவின் சீடர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது எந்தப் பிள்ளையும் தலை குனிவதில்லை. அவர்கள் முட்டாள்தனத்தைத்தான் சிரிக்கிறோம்.

ஆகவே பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுங்கள்; தாத்தா பாட்டிக்கு வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை. நடுவில் திருத்தாதீர்கள், கால் மணி நேரம் போதும். தாத்தா சிரித்துவிட்டால், மறுநாள் அவனே புத்தகத்தைத் தேடி எடுப்பான்.

அக்கரையில் 'ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதே' என்று அழுதுகொண்டிருக்கும் குருவுக்கும் சீடர்களுக்கும், வழிப்போக்கன் ஒருவன் தடியை வைத்துக்கொண்டே ஆறாவது ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். எப்படி என்று நாம் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும்.