வாயில் திறந்தது, மாடிப்படி எங்கே?

"அரசாங்க உத்தியோகத்தில் இடம் கொடுத்தாகிவிட்டது, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. இடம் கிடைத்தது; மறுக்கவில்லை. எந்த இடம்? கோப்பைச் சுமக்கும் இடமா, கோப்பிலே கையொப்பமிடும் இடமா? அதுவன்றோ கேள்வி!

1961-இல், தென்னக இரயில்வேயைச் சார்ந்த ரங்காச்சாரி வழக்கில், பதவி உயர்விலும் இட ஒதுக்கீடு செல்லும் என்றது உச்சநீதிமன்றம். ஐவரில் மூவர் ஆம் என்றனர். இருவர் இல்லை என்றனர். 1992-இல் மண்டல் வழக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காட்டை ஏற்ற அதே தீர்ப்பு, பதவி உயர்வில் ஒதுக்கீடு ஆகாது என்றது. வாயிலைத் திறந்தார்கள், மாடிப்படியை மறித்தார்கள்!

1995-இல் வந்த 77-ஆவது சட்டத் திருத்தம், தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அந்த உரிமையை மீட்க வழி செய்தது. பிற்படுத்தப்பட்டோர் அதில் சேர்க்கப்படவில்லை. மீட்டதிலும் ஒரு முள். முன்னால் உயர்ந்தவர், பின்னால் உயர்ந்து வந்தவருக்குப் பணிமூப்பில் கீழ்ப்படவேண்டும் என்று தீர்ப்புகள் கூறின. அந்த முள்ளைக் களைய 2001-இல் 85-ஆவது திருத்தம் தேவைப்பட்டது. 2006-இல் நாகராஜ் வழக்கு, புள்ளிவிவரம் காட்டினால்தான் ஒதுக்கீடு என்றது. 2018-இல், பின்தங்கிய நிலைக்குப் புள்ளிவிவரம் வேண்டாம் என்று தளர்த்தினர்; போதிய இடமில்லை என்பதற்கு வேண்டும் என்பது நின்றது. 2020-இலோ, பதவி உயர்வில் ஒதுக்கீடு அடிப்படை உரிமை அன்று என்றனர்.

திறமை கெடும் என்பார்கள். கணக்கைப் பாருங்கள், தோழர்களே! இந்திய ஆட்சிப் பணியில் 22 வயதில் சேருபவருக்கு, ஓய்வு பெறும் 60 வயது வரை 38 ஆண்டுகள். வறுமையோடு போராடி, வயதுச் சலுகை பெற்று 36-இல் சேருபவருக்கு 24 ஆண்டுகள். மத்திய அரசின் செயலாளர் பதவியோ, பொதுவாக 30 ஆண்டுப் பணிக்குப் பின்னரே எட்டும் உயரம். திறமையா அவரைத் தடுத்தது? நாட்காட்டியன்றோ தடுத்தது!

ஆகவே, விழிப்போடு இருங்கள். பணிமூப்புப் பட்டியல் வெளிவந்ததும் படியுங்கள்; பிழையிருப்பின் கெடு முடியுமுன் எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். ஆண்டுக் குறிப்பில் எழுதப்பட்ட ஒவ்வொன்றையும் ஊழியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2008-இலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது, கேட்டுப் பெறுங்கள். பிற்படுத்தப்பட்டோர்க்கும் பதவி உயர்வில் பங்கு என்ற கோரிக்கையை ஊர்தோறும் எடுத்துச் செல்லுங்கள்.

நாம் கேட்பது சலுகையன்று. ஆளும் மேசையிலே நமக்குரிய நாற்காலி!