பிள்ளைகள் தொட்டறிய வேண்டிய வரலாறு

 

திருவிழா மேடையில் தொல்லியலைப் பேசுவதேன் என நீங்கள் வினவலாம். கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலை 1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் ஆராய்ந்தார். பின்னர் 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டர் லேம்ப் அதனைச் சீரமைத்தபோது, அடித்தளத்தில் கற்பேழைகள் கிடைத்தன. அவற்றுள் பொன்னும் மணிகளும் இருந்தன. கருவறையின் கீழே பொன்னும் நவமணியும் இட்டுத் திருப்பணி செய்யும் மரபினர் நாம். இதன் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தொல்லியல் நமக்கு அயலானதன்று.

அதே பள்ளத்தாக்கில், 11 எனும் எண்ணிட்ட பழங்கோயிலின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. அதைப் படித்து நானும் கொதித்தேன். ஆயினும் பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கு உண்டோ?

கிள்ளான் வட்டாரத்துச் சிற்றாலயம் ஒன்றின் திருப்பணிக் குழுவில் நான் இருந்தேன். கொடையாளர் பெயர் பொறித்த பழைய கல்லையும், கரையான் அரித்த கணக்கேடுகளையும் குப்பை வண்டியில் ஏற்ற நானே இசைந்தேன். அலுவலகத்தில் ஒவ்வொரு கோப்பையும் எண்ணிட்டுக் காப்பவன் நான்! குடமுழுக்கு நாளில் ஒரு மூதாட்டி வந்து, "தம்பி, எங்க அப்பா பேரு இருந்த கல்லு எங்கேப்பா?" என்று கேட்டார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர் அவர் தந்தையார். என்னிடம் விடை இல்லை.

எனக்கு இளமையில் எவரும் கற்பிக்காததை நம் பிள்ளைகளுக்கேனும் கற்பிப்போம். ஆலய வளாகத்தில் ஒரு பெரிய மணல் தொட்டி போதும். அடியில் உடைந்த அகல் விளக்கு, நடுவில் ரப்பர்ப் பால் ஏந்திய மங்கு, மேலே இன்றைய நாணயம் எனப் புதைத்து வைப்போம். பிள்ளைகள் தூரிகையால் மெல்ல நீக்கி, ஆழத்தை அளந்து, குறிப்பேட்டில் எழுதட்டும். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்பதைக் கை அறிந்தால் மனம் மறவாது. கீழடியில் கிடைத்த எழுத்துள்ள பானை ஓட்டின் காலத்தை அறிய, அது கிடந்த அடுக்கும் சான்றாவது இவ்வாறே. உண்மையான பழம்பொருள் எங்கேனும் கிடைத்தால் எடுத்துக்கொள்ளாமல் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் விதி. அதனையும் அங்கேயே சொல்லிக் கொடுப்போம்.

பெற்றோரும் உடன் வருக. தாத்தாவின் காண்டா வாளியையோ பாட்டியின் அடையாள அட்டையையோ கொண்டுவந்து, அதன் கதையைப் பிள்ளைக்குச் சொல்லி எழுதச் செய்க. 1881ஆம் ஆண்டுத் தீக்கும் வெள்ளத்துக்கும் பின் கோலாலம்பூரை மீண்டும் எழுப்பச் செங்கல் அறுத்த நிலமே இந்தப் பிரிக்பீல்ட்ஸ். இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம்.

நிருவாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த திருப்பணிக்கு முன், பழைய மணி, விளக்கு, கல், ஏடு ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பட்டியலிடுவோம். அப்பணியை இச்சிறார்களிடமே ஒப்படைப்போம். இனி எந்த மூதாட்டி வந்து கேட்டாலும், "இதோ இருக்கிறது, பாட்டி" என்று ஒரு பிள்ளை கைகாட்ட வேண்டும்.

அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.