தூரிகையும் சோறும்



படம் வரையும் பிள்ளையைப் பார்த்து, "இது சோறு போடுமா?" என்று கேட்கிறோம். நிலமோ சேமிப்போ இல்லாத வீட்டில் அது நியாயமான கேள்வியே. சென்னை ஓவியர்கள் சிலர் அதற்குத் தம் கைகளால் விடை கூறினர்.

சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டிற்காகத் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டு வருந்தினார். அவர் ஊக்கத்தால் ஓவியர்கள் கைவினைப் பொருள்கள் செய்து விற்றனர். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது, அதுவே பாத்திக். சந்தைக்குத் துணி, தமக்கென்று ஓவியம் என வாழ்ந்தனர். அவ்வருவாயைக் கொண்டு 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர்.

அங்கே பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் சிற்பம் படைத்தார். பட்டறைத் தொழிலாளியின் சுத்தியலே அவர் கருவி. கைத்தொழிலை இழிவென்று கற்பித்த நாட்டில் இதனை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை.

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் சேர விரும்பும் நம் பிள்ளைகளுக்கு வண்ணமும் தாளும் வாங்க, இவ்வாண்டே ஒரு தொகை ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறேன்.