சொட்டுச் சொட்டாக

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்குச் சொல்லாராய்ச்சி எதுக்குன்னு பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. ஒரே ஒரு சொல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'இன்ஸ்டில்' என்பார்கள். ஒரு கருத்தையோ பழக்கத்தையோ மெல்ல மெல்ல மனதில் பதிய வைப்பது. லத்தீனில் 'ஸ்டில்லா' என்றால் துளி. துளித்துளியாக உள்ளே விடுவதுதான் மூலப்பொருள். கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கும் டாக்டர்கள் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். இதற்கு 'இன்கல்கேட்' என்று ஒரு பங்காளி உண்டு. அது குதிகாலால் மிதித்துத் திணிப்பது! நம்மில் பலருக்கு வாய்ப்பாடு வந்தது அந்த வழியாகத்தான்.

இரண்டையும் விட நம்ம 'புகட்டு' உசத்தி என்பது என் கட்சி. பாலும் புகட்டுகிறோம், அறிவும் புகட்டுகிறோம். சங்கில் பால் புகட்டும் பாட்டியைப் பாருங்கள். குழந்தை விழுங்கின பிறகுதான் அடுத்த மடக்கு. அவசரப்பட்டால் புரையேறிடும். வேகத்தைத் தீர்மானிப்பது சங்கு இல்லை, குழந்தையின் தொண்டை. மரவள்ளிக்குச் சொட்டுநீர் போட்டவர்களுக்கும் தெரியும்: மண் குடிக்கிற அளவுக்கு விட்டால் வேருக்குப் போகும், மிஞ்சினால் வரப்பைத் தாண்டி ஓடும்.

'ஸ்டில்லா'வுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. 'டிஸ்டில்', அதாவது வடித்தல். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். தொழிற்சாலையில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் கலந்த சாராயம். பார்வையிலும் வாசனையிலும் வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைப் பதம் பார்க்கும். இது கெமிஸ்ட்ரி பாடம்தானே? அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் யார் சொன்னோம்?

சாவு விழுந்ததும் பேரணி, பேனர், மைக்செட் என்று ஒரே வாரத்தில் கொட்டுவோம். மண் குடிக்குமா? என் யோசனை இதுதான்: கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. மாதம் ஒரு மணி நேரம், அதே ஆட்கள், அதே பிள்ளைகள், மூன்று வருஷம். பேனர் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். முதல் சில மாதம் அவர்கள் பேசவே மாட்டார்கள், அதுவும் பரவாயில்லை.

தலைமை ஆசிரியர் அனுமதி வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாம் சனிக்கிழமை காலை வெள்ளிமலைக்கு ஒரு வேன். பன்னிரண்டு சீட்டில் நாலு நிரம்பியாச்சு. சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் பேர் கொடுங்கள்.