சர்க்கரையும் விஷமும்



சர்க்கரை என்றதும் நமக்குப் பாயசந்தான் நினைவுக்கு வரும். ஆனால் செடிகொடிகள் அதை வேறொரு பொருளோடு பிணைத்து, விதையிலும் இலையிலும் சேர்த்து வைக்கின்றன. இந்தக் கூட்டுப் பொருளுக்குக் கிளைகோசைடு என்று பெயர். பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் தேய்த்தால் நுரை வருகிறதே, ஏன்? அதிலுள்ள சபோனின் ஒரு கிளைகோசைடு. அதன் சர்க்கரைப் பாகம் தண்ணீரோடு சேரும். மறு பாகம் எண்ணெயோடு சேரும். இப்படி இரண்டையும் இணைப்பதால் அழுக்குக் கிளம்பிவிடுகிறது. பட்டையும் கம்பளியையும் வெளுப்பதற்கு இது கடைச்சரக்கானதும் இதனால்தான்.

இனி மருந்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஒரு கிழவி, உடம்பில் நீர்கோத்து வீங்கும் வியாதிக்குக் குடும்ப இரகசியமாக ஒரு மருந்து வைத்திருந்தாள். 1775-ல் அதைப்பற்றி வில்லியம் விதரிங் என்ற வைத்தியரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். சுமார் 20 மூலிகைகள் சேர்ந்த அம்மருந்தில் வேலை செய்வது டிஜிடாலிஸ் செடி ஒன்றே என்று அவர் கண்டார். பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குணமானவர்களோடு குணமாகாதவர்களையும் மறைக்காமல் எழுதி, 1785-ல் புத்தகமாக வெளியிட்டார். இரகசியம் போயிற்று; மருந்து நிலைத்தது.

அந்த இனச் செடியிலிருந்து 1930-ல் பிரித்தெடுத்த டிஜாக்சின் என்ற கிளைகோசைடை இன்றும் இருதய நோய்க்குக் கொடுக்கிறார்கள். சாதாரணமாக ஒரு மாத்திரையில் இருப்பது கால் மில்லிகிராம்தான். அளவு மிஞ்சினால் அதுவே உயிரையும் வாங்கிவிடும்.

தோழர்களே! நம் வேலியோரத்து மஞ்சளரளியில் இருப்பதும் இதே ஜாதிப் பொருள்தான். பூவைச் சாமிக்குச் சாத்துவதனால் அதன் காயிலுள்ள விஷம் குறைந்துவிடுமா? குழந்தை தின்றாலும் மாடு தின்றாலும் அது தன் வேலையைச் செய்தே தீரும். டிஜாக்சினுக்கென்று செய்த முறிமருந்து மஞ்சளரளி விஷத்துக்கும் பலிக்கிறது என்பதை இலங்கை வைத்தியசாலைகளில் பரீட்சித்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இரண்டும் ஒரே ஜாதி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே, “மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்று யாராவது சொன்னால், “என்ன பொருள்? எவ்வளவு?” என்று கேளுங்கள். குழந்தை அரளிக்காயைக் கடித்துவிட்டால், மந்திரிக்கவும் கைவைத்தியம் பார்க்கவும் நேரத்தைப் போக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே மிச்சமாகும் ஒரு நாழிகைதான் அந்தக் குழந்தையின் உயிர்.