இன்னொரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணக்கு அலுவலரான பி பிளாக் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் சார் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து லிஃப்ட் ஏ.எம்.சி. விவகாரம் இருக்கிறது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சி பிளாக்கில் ஒரு இரண்டு பெட்ரூம் வீடு விலைக்கு வந்திருக்கிறது. 60 லட்சம் கேட்கிறார்கள். "கண் முன்னாடி இருக்கிற வீடு, வாடகைக்கு விட்டால் பென்ஷன் மாதிரி" என்று நம் வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார். எனக்கும் ஆசை வந்தது. நான் ரிட்டையர் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து வங்கியில் கிடக்கிறது. ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

விலை 60 லட்சம் என்றால் நம் கையிலிருந்து போவது 60 லட்சம் இல்லை. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 5,40,000. தரகருக்கு ஒரு சதவீதம் என்றால் 60,000. ஆக 66 லட்சம். சாவியை வாங்கும் அன்றே 6 லட்சம் போய்விட்டது. வீட்டு விலை 10 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணமாவது நிற்கும்.

இந்த வளாகத்தில் அந்த அளவு வீட்டுக்கு வாடகை 18,000. வருடத்துக்கு 2,16,000. இதை அப்படியே வருமானம் என்று எடுத்துக்கொள்கிறோம், தப்பு அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், தரகருக்கு ஒரு மாத வாடகை போகும், பெயிண்ட் அடிக்க 36,000 ஆகும். காலியாகக் கிடந்தாலும் சங்கம் மெயின்டனன்ஸை விடாது (பொருளாளர் சிரிக்கிறார்). சொத்து வரி, கீசர், குழாய், பாத்ரூம் கசிவு எல்லாம் போட்டுப் பார்த்தால் வருடத்துக்குச் சராசரி 56,000 போகிறது. மிச்சம் 1,60,000. போட்ட 66 லட்சத்துக்கு இது இரண்டரை சதவீதம்கூட இல்லை.

அதே பணம் 6.5 சதவீத வட்டியில் டெபாசிட்டில் இருந்தால் 4,29,000 வரும். வித்தியாசம் 2,69,000. அதாவது வருடா வருடம் வீட்டு விலை சுமார் 4.5 சதவீதம் ஏறினால்தான் டெபாசிட்டுக்குச் சமம். ஏறாது என்று சொல்லவில்லை. "மேடம், மெட்ரோ வருது" என்று தரகர் சொன்னார். மெட்ரோ வருவது விற்பவருக்கும் தெரியும், அது 60 லட்சத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று, ஏறுவது யு.டி.எஸ். நிலம்தான். கட்டடத்துக்கு வயது ஏறுகிறது, மதிப்பு இறங்குகிறது.

வரியைப் பொறுத்தவரை வாடகைக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைத் தள்ளிவிட்டுத்தான் வரி போடுகிறார்கள். டெபாசிட் வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் பெயிண்ட் பில், தரகர் கமிஷன் எதையும் தனியாகக் கழிக்க முடியாது.

கடன் வாங்கி வாங்கலாம் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 48 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 41,650. வாடகையில் செலவு போக மாதம் 13,300 வரும். மீதி 28,000-க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். "வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிவிடும்" என்ற பேச்சு இந்த விலைக்கும் இந்த வாடகைக்கும் பொருந்தாது. வட்டியைக் காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம் என்பதும் பழைய வரி முறையில்தான், அதிலும் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான் மற்ற வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையில் வாடகையைத் தாண்டிய வட்டியைச் சம்பளத்தில் கழிக்க வழியில்லை.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011-இல் வேளச்சேரியில் தரைத் தளத்தில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்தோம். அன்றைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ். அந்தப் பணத்தை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவிட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். குடியிருந்தவர்கள் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள். ஃபிரிட்ஜ், கட்டில், துணிமணி எல்லாம் போய், "ஆன்ட்டி, அட்வான்ஸைக் கொடுத்துவிடுங்கள், ஊருக்குப் போகிறோம்" என்று வந்து நின்றார்கள். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் யாரும் வரவில்லை.

2020-இல் ஐ.டி. வேலை பார்த்த பையன்கள் லேப்டாப்போடு சொந்த ஊருக்குப் போனதும் மறுபடி காலி. அடுத்த வருடம் என் கணவருக்கு ஆபரேஷன். பத்து நாளில் பணம் வேண்டும். பெயரில் வீடு இருக்கிறது, கையில் பணம் இல்லை. வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்க முடியுமா? என் தம்பி கொடுத்தான். வீடு விலைபோக ஒன்பது மாதம் ஆனது.

அதற்காக யாரும் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு வருடச் செலவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் பணம் வைத்திருப்பவர், கடனில்லாமல், நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் வாங்கினால் அது வேறு கணக்கு. வாங்குபவர் வில்லங்கச் சான்றிதழ், யு.டி.எஸ். அளவு, சங்கத்துக்கு நிலுவை இல்லை என்ற கடிதம் மூன்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விதி வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள். வாடகைக்கு விடும்போது எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 2019-இல் அமலுக்கு வந்த சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் பொதுவான அட்வான்ஸாகச் சொல்கிறது. அதையும் தொடாமல் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். நான் பட்டதால் சொல்கிறேன்.

சி பிளாக் வீட்டை நான் வாங்கவில்லை. ஏ பிளாக் சார் ஒருவர் வாங்குகிறார், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். ஊரில் தனியாக இருக்கும் அவருடைய அம்மாவை இரண்டு வருடத்தில் இங்கே அழைத்து வரப் போகிறார், அதுவரைக்கும்தான் வாடகை. அவர் கணக்கில் என்னுடைய இரண்டரை சதவீதத்துக்கு வேலையே இல்லை. சார், ஒன்றே ஒன்று. அந்த வீட்டின் பின்பக்கச் சுவர் மழைக்காலத்தில் ஊறும். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள், குடி வருபவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் லிஃப்டுக்குப் போகலாம்.